லீவே எடுக்காதவர்களைப் பற்றி ஒரு பாடம்

என் வீட்டுக்காரருக்கு வங்கியில் மோப்பம் என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது; அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். முப்பத்துநான்கு வருஷ வேலையில் பாதிக்கு மேல் அவர் ஆய்வுப் பிரிவில் இருந்தார். அதாவது, கிளை கிளையாகப் போய் உட்கார்ந்து, அங்கே இருப்பவர்கள் என்ன தில்லுமுல்லு செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை. அவர் வருகிறார் என்று தெரிந்தாலே மேலாளர்களுக்கு வயிற்றைக் கலக்குமாம். அதை அவரே சொல்லிப் பெருமைப்படுவார். நாலு பேருக்கு வயிற்றைக் கலக்குவதில் என்ன பெருமை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கும் ஏழு வருஷமாக வயிறு கலங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்று வீட்டோடு வந்தவர் முதல் நான்கு மாதம் என் சமையலறையை ஆய்வு செய்தார். காப்பி என்று எழுதிய டப்பாவில் கடுகு இருந்தது அவருக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. எந்த வீட்டில் காப்பி டப்பாவில் காப்பி இருக்கிறது? துணி தேய்ப்பவரிடம் போகும் உருப்படிகளை எண்ணிச் சீட்டு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். அந்த மனிதர் மூன்றாம் வாரம் எங்கள் தெருப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள் வாசல் பூட்டைப் பிடித்துக்கொண்டார். "இதுக்கு ரெண்டு சாவி இருக்கணும். உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் கதவு தெறக்கணும்."

"மழையில நான் மட்டும் வந்து நின்னா?"

"நனைய வேண்டியதுதான். மழைக்காக விதியை மாத்த முடியுமா?"

நான் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் உள்ள ஒரு கல்லூரியில் நூலகர். அந்த வருஷம் எங்கள் கல்லூரியில் வங்கியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டு இன்சூரன்ஸ் விற்கப் போய்விட்டார். பிரின்சிபால் ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "எங்க வீட்ல ஒருத்தர் இருக்கார் சார். சும்மாத்தான் இருக்கார்."

"சம்பளம் கம்மியா இருக்குமே மேடம்."

"குடுக்காட்டியும் பரவாயில்ல சார். காலைல எடுத்துக்கிட்டுப் போயிட்டு சாயங்காலம் திருப்பிக் குடுங்க."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. வீடு நிம்மதியானால் போதும் என்றிருந்தது.

முதல் நாள் மணி ஒன்பது அடித்ததும் வகுப்பறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். புது ஆசிரியரை அறிமுகப்படுத்தி வைக்க ஒன்பது ஐந்துக்கு வந்த பிரின்சிபால் வராந்தாவிலேயே நின்றார். உள்ளே முதல் பாடம் தொடங்கியிருந்தது. பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் "வங்கி என்றால் என்ன?" அவர் அதைத் தாண்டிவிட்டார். "வங்கின்னா என்னன்னு தெரியாமலா பீஸ் கட்டினீங்க? முப்பதாம் பக்கம் எடுங்க."

விடைத்தாள் திருத்துவதையும் வங்கிக்காரராகத்தான் செய்தார். மதிப்பெண்ணை எண்ணால் எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் எழுதினார்: "37, முப்பத்தேழு மட்டும்." பிள்ளைகள் எழுதாமல் விட்ட இடத்தில் யாரும் பின்னால் எதையும் சேர்த்துவிடக் கூடாது என்று குறுக்கே கோடு போட்டார். எங்கள் பிள்ளைகள் எழுதுவதைவிட எழுதாமல் விடுவதுதான் அதிகம். கட்டுக் கட்டாகக் கோடு போட்டு அவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது, தைலம் தேய்த்துவிட்டது நான்.

வகுப்பறை அலமாரிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று ஒரு பையனிடம், ஒன்று ஒரு பெண்ணிடம். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசாதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பேசிக்கொள்கிறவர்கள் கூட்டுச் சேர்ந்து கையாடல் செய்வார்களாம். அலமாரியில் இருந்தது ஒரு டஸ்டரும் நாலு சாக்பீஸ் பெட்டியும். தினமும் சேர்ந்து போய்த் திறந்து, சேர்ந்து போய்ப் பூட்டி, ஆறாம் மாதம் இரண்டும் கைகோத்துக்கொண்டு நூலகத்தின் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தன. வீட்டில் சொன்னேன். "கட்டுப்பாட்டுல ஓட்டை விழுந்திருச்சு" என்று முகம் தொங்கிப்போனார்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். பாடம் நன்றாக எடுத்தார். கடன் கேட்டு வருகிறவனைப் போல ஒவ்வொரு பிள்ளையையும் மேசைக்கு எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார், கடைசியில் எல்லோருக்கும் கடன் இல்லை என்பார், ஏன் இல்லை என்று அரை மணி நேரம் விளக்குவார். "ரொம்ப சிரிச்சுப் பேசறவன் கடனைக் கட்ட மாட்டான். கட்டறவனுக்குச் சிரிக்க நேரம் இருக்காது." மற்ற வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னலோரம் வந்து நின்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் பேசுவதை இத்தனை பேர் காசு கொடுத்துக் கேட்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்கு இலவசமாகக் கிடைத்தும் நான் கேட்டதில்லை.

இப்போது என் கதை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நூலகத்தின் பின்னறைக்கு மருந்து அடிக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடப் பாதி பொய்தான். வருஷா வருஷம் கரையான் மருந்து அடிக்க ஆளைக் கூப்பிட வேண்டியது என் பொறுப்பு. மருந்து அடிக்க வேண்டுமானால் அறையைக் காலி செய்ய வேண்டும். உதவியாளர் இடம் காலி, தூக்கி வைக்க ஆளில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் அடித்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினேன். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே மண். அடுத்ததும் மண், அதற்கடுத்ததும் மண். நூற்று நாற்பத்து மூன்று புத்தகங்கள்.

மேலே சொல்லியிருந்தால் திட்டியிருப்பார்கள். சம்பளத்தில் கொஞ்சம் பிடித்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்லை; அந்தக் கல்லூரியில் நான் ஒரு கெட்டிக்காரி. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அவர் ஒரு சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, மண்ணு இருக்கு, பேப்பர் எங்க?" என்றார். பேசாமல் எடுத்துக்கொண்டு போகும்படி காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பிறகு பைண்டிங் பதிவேட்டைத் திறந்து, நூற்று நாற்பத்து மூன்று புத்தகங்களும் கிழிந்த அட்டையைத் தைக்க பைண்டிங்காரரிடம் போயிருப்பதாக எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சோற்றைக் கிளறிப் பார்க்க யாரும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வருஷத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், ஏதாவது ஒருநாள் இரண்டு விரிவுரையாளர்கள் புத்தகங்களைச் சரிபார்க்க வருவார்கள். இரண்டு அலமாரியை எண்ணுவதற்குள் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். "பின்னறைப் புத்தகங்கள்?" என்பார்கள். "பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்று பதிவேட்டைக் காட்டுவேன். டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். அடுத்த வருஷம் அதே பட்டியலைப் புதுத் தேதி போட்டு எழுதுவேன். அவர்கள் வருகிற நாளில் என் நாற்காலியில் வேறு யாராவது இருந்தால் என் கதை முடிந்தது. வேலை போனால் ஓய்வூதியமும் போகும். அதனால் நான் விடுப்பே எடுக்கவில்லை. காய்ச்சலோடு போனேன். காலில் கட்டோடு போனேன்.

எங்கள் ஒரே மகள் பன்னிரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பிரசவம். நான் போகவில்லை. "ஆய்வுக் குழு வருது, காலேஜ்ல விட மாட்டேங்கறாங்க" என்றேன். அப்போது வங்கியில் இருந்த அவர் ஒரு மாதம் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார். அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசாமல் இல்லை. பேசுவாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசுவாள்.

போன வருஷ ஆண்டு விழாவில், ஆறு வருஷமாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத ஊழியர் என்று எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். முன் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் மோப்பம்தான். ஊரெல்லாம் மோந்து பார்த்த மூக்குக்கு வீட்டில் மட்டும் தடுமன்.

இந்த வருஷம் அவருடைய வகுப்பறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு வாரம் வகுப்பு நூலகத்தின் வாசிப்பு அறையில் நடந்தது. பத்தடி தள்ளி என் மேசை. அன்றைய பாடம், வங்கியில் மோசடியைத் தடுப்பது எப்படி. எங்கள் பிரின்சிபாலும் ஓரத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கேஷியர்" என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். "பத்தொம்பது வருஷம் லீவு கிடையாது. அவர் அப்பா செத்தப்ப, காலைல காரியத்த முடிச்சிட்டு மத்தியானம் டியூட்டிக்கு வந்துட்டார். எல்லாரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்கும் நல்ல ஃப்ரெண்டு. நான் போய், பத்து நாள் லீவு எழுதிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் வெளிய வந்துச்சு."

"என்ன சார் வந்துச்சு?"

"அதுவரைக்கும் வராம இருந்த எல்லாம்."

பிறகு விளக்கினார். வங்கியில் வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தொடர்ந்து பத்து நாள் விடுப்பில் போயே ஆக வேண்டும். போக மாட்டேன் என்று சொல்ல முடியாது, நடுவில் எட்டிப் பார்க்கவும் கூடாது. அந்தப் பத்து நாளும் அந்த நாற்காலியில் வேறு ஆள். "தப்புப் பண்றவன் தினம் தினம் வந்து மூடி போட்டுக்கிட்டே இருக்கணும். மூட வரலேன்னா நாறிடும். அதனால, லீவே எடுக்காத ஆளைப் பார்த்தா கை தட்டாதீங்க. சந்தேகப்படுங்க."

அந்த வகுப்பில் ஒரு பெண் உண்டு. எதற்கெடுத்தாலும் "சார், ஒரு சந்தேகம்" என்று எழுந்து நிற்பாள். அவளுக்குச் சந்தேகம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் எழுந்தாள். "சார், ஒரு சந்தேகம். அப்ப நம்ம லைப்ரரி மேடம்? அவங்களுக்கு ஷீல்டே குடுத்தாங்களே?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிரின்சிபால் சிரித்தார். நான்கூடப் பல்லைக் காட்டி வைத்தேன். அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். மேடத்தையும் அனுப்ப வேண்டியதுதான்."

சும்மா சொன்னதுதான். ஆனால் எங்கள் பிரின்சிபால் யார் எதைச் சொன்னாலும் உடனே அதைச் சுற்றறிக்கையாக்கி விடுகிறவர். எள் என்றால் எண்ணெயாக நிற்பார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அருமையான விஷயம் சார் இது" என்றார். மறுநாளே உத்தரவு வந்தது. அலுவலக ஊழியர் அனைவருக்கும் சுழற்சி முறையில் பத்து நாள் கட்டாய விடுப்பு. முதலில் நூலகம். அந்த நாட்களில் நூலகப் பொறுப்பு, வங்கியியல் ஆசிரியருக்கு.

நியாயமாகச் சொன்னால், அவர் மறுத்தார். "சொந்தக்காரங்க நாற்காலியில சொந்தக்காரங்க உக்காரக் கூடாது சார், அதுதான் முதல் விதி" என்று பிரின்சிபால் அறையில் வாதாடினார். பிரின்சிபால் கேட்கவில்லை. வேறு யாருக்கும் காலி நேரம் இல்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. எவளோ ஒருத்தி உட்காருவதற்கு இவரே உட்காரட்டும், கட்டின பெண்டாட்டியைக் காட்டியா கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து வருகிறபோதுதான் அந்த கேஷியரின் மனைவி ஞாபகம் வந்தது. புருஷன் மாட்டிக்கொண்டதும் எங்கள் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்து அழுதாள். நான் டீ கொடுத்துவிட்டு, திருடும்போது தெரியவில்லையா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

முதல் நாள் சாயங்காலம் வந்தவர், "நல்லா அடுக்கி வச்சிருக்க" என்றார். இரண்டாம் நாள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "பைண்டிங்காரர் போன் நம்பர் இருக்கா?"

"எதுக்கு?"

"சும்மாத்தான். நெறைய நாளா திரும்பி வரலையே."

"பழைய டைரியில இருக்கும்" என்றேன். அன்று நான் போட்ட டீயில் உப்பு இருந்திருக்கிறது. அவர் குடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு தாள். வந்து எதிரே உட்கார்ந்தார், கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"பைண்டிங்காரர் பையன்கிட்ட பேசினேன். கடைய இப்ப செல்போன் ரிப்பேர் கடையாக்கிட்டானாம். அவங்கப்பா செத்து நாலு வருஷம் ஆச்சாம்."

நான் பழைய டைரியைத் தேடுவதுபோல எழுந்தேன்.

"செத்தவர் போன வருஷம்கூட பதிவேட்டுல கையெழுத்துப் போட்டிருக்கார். நல்ல கையெழுத்து. உயிரோட இருந்தப்ப போட்டதைவிட நல்லா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. "கரையான்" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வங்கிக்காரராகவே கேட்டுக்கொண்டு போனார். எப்போது? எத்தனை? வேறு யாருக்குத் தெரியும்? "ஒரு புத்தகமாவது வித்தியா?"

"மண்ண யாருங்க வாங்குவா?"

தாளில் ஏதோ எழுதினார். பிறகு விரல் விட்டு வருஷத்தை எண்ண ஆரம்பித்தார். இரண்டாவது விரலிலேயே கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்த முகம் அப்போது வங்கிக்காரர் முகமாக இல்லை.

"பாப்பா பிரசவத்துக்கு நீ வராதது இதுக்கா?"

தலையாட்டினேன்.

"ஆய்வுக் குழு?"

"எதுவும் வரல."

முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவர் என்மேல் கை நீட்டியதில்லை, அன்றும் நீட்டவில்லை. ஆனால் அன்று கத்தியதுபோல் என்றும் கத்தியதில்லை. "பத்தொம்பது மணி நேரம் அந்த ஆஸ்பத்திரியில தனியா நின்னேன். நர்ஸ்கிட்ட என்ன கேக்கணும்னுகூட எனக்குத் தெரியல. உள்ள அவ 'அம்மா எங்க, அம்மா எங்க'ன்னு கத்தறா. அவ மாமியார் கேட்டாங்க, 'ஏன் சம்பந்தி வரல'ன்னு. நீ இல்லாம அந்த காலேஜே ஓடாதுன்னு பெருமையா சொன்னேன். பெருமையா சொன்னேன்டி!"

புத்தகம் போனதற்கு ஆயிரம் சாக்குச் சொல்ல முடியும். இதற்கு ஒன்றும் கிடையாது. மகள் உயிரா, மானமா என்று வந்தபோது நான் மானத்தைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துப் பச்சை மையில் எழுத உட்கார்ந்தார். ஆய்வு அறிக்கை.

"எழுதாம விட முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியும். இதைக் கேக்காத ஆளை நான் பார்த்ததே இல்ல."

"நான் உங்க பொண்டாட்டி."

"அந்த கேஷியரும் என் ஃப்ரெண்டுதான்."

"இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு எனக்கு. வேலை போச்சுன்னா ஓய்வூதியம் போச்சு. ரெண்டு பேரும் பிச்சைதான் எடுக்கணும்."

"என் ஓய்வூதியம் இருக்கு. பாதி பாதி சாப்பிடலாம்."

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ மனுஷனா, மூக்கு மட்டும்தானா என்று கேட்டேன். அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்றேன். அவர் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே எழுதினார். இரண்டு பக்கம். இருட்டுவதற்கு முன் முடித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். சம்பந்தப்பட்டவர் படித்துப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

படித்தேன். என்ன நடந்தது, எப்போது, எப்படி என்று ஒளிவு மறைவில்லாமல் இருந்தது. நஷ்டம்: 143 புத்தகங்கள், நூற்று நாற்பத்து மூன்று மட்டும். ஊழியர் சொந்த லாபம் எதுவும் அடையவில்லை. அதற்குக் கீழே, மேற்பார்வைக் குறைபாடு என்று ஒரு தலைப்பு. முதலாவதாக, சரிபார்க்க வந்தவர்கள் சரிபார்க்காமல் டீ குடித்தது. இரண்டாவதாக, விடுப்பு எடுக்காதவரை விடுப்பில் அனுப்பாமல் நிர்வாகம் ஷீல்டு கொடுத்தது. மூன்றாவதாக இப்படி எழுதியிருந்தார்: "இந்த ஊழியரின் கணவர் ஆய்வுத் துறையில் அனுபவம் உள்ளவர். மனைவி ஆறேழு வருஷமாக விடுப்பே எடுக்காததை ஒரே வீட்டில் இருந்து பார்த்திருக்கிறார். சொந்த மகளின் பிரசவத்துக்கே மனைவி வராதபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எல்லாவற்றிலும் பெரிய தவறு இவருடையது."

"இதை எதுக்கு எழுதினீங்க?" என்றேன்.

"உண்மைதானே. நீ வேலை வேலைன்னு ஓடறது எனக்கு வசதியா இருந்துச்சு. நானும் அப்படித்தானே ஓடிக்கிட்டிருந்தேன்."

கையெழுத்துப் போட்டேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை அறிக்கையை வாங்கிப் படித்த பிரின்சிபாலுக்குக் கரையான் பெரிதாகத் தெரியவில்லை. "அந்த ஷீல்டு வரியை மட்டும் எடுத்துடலாமா சார்?" என்று மூன்று தடவை கேட்டாராம். இவர் எடுக்கவில்லை. ஒரு குழு போட்டார்கள். என்னை வேலையை விட்டுத் தூக்குவதானால் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பதினாலு விரிவுரையாளர்களையும் கேள்வி கேட்க வேண்டி வரும் என்று தெரிந்ததும் குழுவுக்குக் கருணை பிறந்தது. புத்தகங்களின் விலையைப் பதினெட்டு மாதம் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார்கள், ஒரு சம்பள உயர்வை நிறுத்தினார்கள். இவரோ அடுத்த வாரமே அதைப் பாடமாக எடுத்துவிட்டார். "ஒரு நூலகத்துல ஒரு அம்மா" என்று பெயர் சொல்லாமல்தான் ஆரம்பித்தாராம். சந்தேகம் எழுந்து, "சார், யாரு சார் அந்த அம்மா?" என்றிருக்கிறாள். "என் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டு போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

ஆனால் வேலை தங்குமா தங்காதா என்று எதுவும் தெரியாத அந்த நாலாம் நாள் சாயங்காலம்தான் எனக்கு முக்கியம். கல்லூரியிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. "பாப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றார்.

"நானே சொல்றேன்."

"அப்ப நான் பால் வாங்கிட்டு வர்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். காலையிலேயே பால் வாங்கியாகிவிட்டது.

மகள் எடுத்தாள். "என்னம்மா, அதுக்குள்ள காலேஜ்லேர்ந்து வந்துட்டியா?"

"லீவுல இருக்கேன்."

"லீவா? நீயா? உடம்புக்கு என்ன?"

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். பின்னறை, மருந்து, சாக்கு, பதிவேடு என்று ஆரம்பித்தேன். நடுவில் பேத்தி ஏதோ கேட்டாள். "சும்மா இரு, பாட்டி பேசறாங்க" என்று அவளை அதட்டிவிட்டு மகள் மறுபடி காது கொடுத்தாள். முடித்தேன்.

"அன்னைக்கு ஏதோ குழு வருதுன்னு சொன்னியே?"

"பொய்."

"நான் செத்துப் பொழச்சேன்மா." குரல் உடைந்தது. "கரையானுக்காகவா நீ வரல?"

"ஆமா."

"இத்தனை வருஷமா, எங்கம்மாவுக்கு என்னைவிட வேலைதான் பெருசுன்னு நெனச்சு நெனச்சு அழுதிருக்கேன். வேலை மேலயும் உனக்கு ஒரு மண்ணும் இல்ல. நீ வெறும் பயந்தாங்கொள்ளி."

"பயந்தாங்கொள்ளிதான்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

"லீவு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"ஆறு."

"ஆறு நாளும் இருப்பியா? இல்ல ரெண்டாம் நாளே லைப்ரரின்னு ஓடிடுவியா?"

"ஓட முடியாது. நடுவுல திரும்பி வந்தா உங்கப்பா உள்ள விட மாட்டார்."

"அப்ப கிளம்பி வா. ஆனா வந்தா நான் சண்டை போடுவேன், சொல்லிட்டேன்."

"ஆறு நாளும் போடு" என்றேன்.